மாமியார் அறைக் கதவு

ஒட்டகத்துக்கு ஐந்து பேர், உருண்டைக்கு நான்கு பேர். நாடகத்தில் மொத்த வேஷம் அவ்வளவுதான். மேடையேறுவதோ இரண்டே உடம்பு. கழுத்து நீண்டு, நடக்கும்போது தலை முன்னே போய் உடம்பு பின்னால் வருவதால் ஒருவனுக்கு ஒட்டகம் என்று பெயர். இன்னொருவனுக்கு உருண்டை என்று ஏன் பெயர் வந்தது என்று அவனைப் பார்த்த எவனும் கேட்டதில்லை. அம்மா அப்பா வைத்த பெயர் இருவருக்கும் உண்டு. வீட்டுக்காரனிடம் வாடகை கொடுக்கும்போது மட்டும் அது பயன்படும்.

உருண்டை, ஒட்டகத்தின் தங்கையைக் கட்டியவன். முதலில் மேடையில் ஜோடி சேர்ந்தார்கள், பிறகுதான் சம்பந்தம். ஒட்டகம் அவனை "மாப்ளே" என்பான், அவன் இவனை "மச்சான்" என்பான். நீ, வா, போ என்று பேசிக்கொள்கிற பழக்கம். மரியாதை வந்துவிட்டால் சண்டை என்று அர்த்தம்.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. மாமனார் வீட்டில் தங்க ஒரு மாப்பிள்ளை வருகிறான். வந்த அன்றே வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போகிறது. ஆளாளுக்கு வந்து மாப்பிள்ளையைக் குடைகிறார்கள். மாப்பிள்ளை, திருடன், டாக்டர், பக்கத்து வீட்டுக் கிழவன் எல்லாம் உருண்டை. மாமனார், மாமியார், இன்ஸ்பெக்டர், வக்கீல், சமையல்காரன் எல்லாம் ஒட்டகம். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் ஒரு கதவு வழியாகப் போய், வேறு ஆளாக இன்னொரு கதவு வழியாக வருவான். ஜனங்கள் காசு கொடுத்து வருவது அந்தக் கூத்தைப் பார்க்கத்தான்.

மேடைக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. அங்கேதான் தையல்காரம்மா நிற்பாள். உடுப்பு எல்லாமே முதுகுப் பக்கம் பிளந்து, ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தவை. அவள் விரித்துப் பிடிப்பாள். தலையணை உறைக்குள் போவது மாதிரி இவன் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பட்டியை ஒட்டி முதுகில் ஒரு தட்டு தட்டுவாள், ஆள் மாறிவிட்டான். மாமியாரின் பட்டுப்புடவைகூடப் புடவை இல்லை. மடிப்பு, முந்தானை எல்லாம் சேர்த்து மழைக்கோட்டு மாதிரி ஒன்றாகத் தைத்தது.

மாறி முடித்துக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றதும் இரும வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான். இருமல் கேட்கும்வரை மேடையில் இருப்பவன் எதையாவது பேசி மேடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். கேட்டதும் பேச்சை வெட்டி வழிவிட வேண்டும். இருமலுக்குப் பிறகும் பேசுகிறவன் அடுத்தவன் சாப்பாட்டில் கை வைக்கிறவன். ஒட்டகம் அப்படித்தான் நினைத்தான்.

ஐந்து பேரில் ஒட்டகத்துக்கு உயிர் மாமியார்தான். மற்ற நான்கு பேரையும் எவனும் செய்துவிடுவான். தொப்பி வைத்தால் இன்ஸ்பெக்டர், கரண்டி எடுத்தால் சமையல்காரன். மாமியார் அப்படி இல்லை. கதவைத் திறந்து வந்து நின்று, மாப்பிள்ளையைக் கால் கட்டைவிரலில் ஆரம்பித்து உச்சந்தலைவரை ஒரு பார்வை பார்ப்பாள். சந்தையில் அழுகின தக்காளியைப் பார்க்கிற பார்வை. வாயே திறக்க மாட்டாள், கொட்டகை சிரித்துச் சரிந்துவிடும். அந்தப் பார்வையை எங்கே பிடித்தான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் மாமியாருக்கு மட்டும் தெரியும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொல்லை பூட்ஸில் ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டராகப் போய் மாமியாராக வர வேண்டும். பூட்ஸைக் கழற்றாமல் புடவைக்குள் போக முடியாது. குனிந்து கழற்ற முழங்கால் மடங்க வேண்டும். போன மழைக்காலத்திலிருந்து வலது முழங்கால் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒருநாள் பூட்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டது. தையல்காரம்மா சந்தில் உட்கார்ந்து இழுக்கிறாள், இவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறான், பூட்ஸ் வருவதாக இல்லை.

மேடையில் உருண்டை தனியாக மாட்டிக்கொண்டான். பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. கடைசியில் மாமியார் அறைக் கதவைப் பார்த்துத் திரும்பினான்.

"அத்தை... எழுந்தாச்சா?"

கதவு என்ன சொல்லும்?

"இல்ல, சும்மாதான் கேட்டேன்... சரி அத்தை... தப்புதான் அத்தை."

கொட்டகையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. உருண்டை அதைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா கோவமா இருக்கீங்கன்னு அர்த்தம். ஏதாவது சொன்னா ரொம்பக் கோவமா இருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டுல நான் எதுக்கு அத்தை காத்து நிக்கட்டும்? அந்தச் சங்கிலியை நான் எடுக்கல. எடுத்திருந்தா இப்படியா உங்க வாசல்ல வந்து நிப்பேன்? இந்நேரம் உங்க பொண்ணையே விட்டுட்டு ஓடியிருப்பேனே!"

அந்தச் சிரிப்பு சந்துக்குள் வந்து ஒட்டகத்தின் நெஞ்சில் இடித்தது. அதற்குள் பூட்ஸ் வந்துவிட்டது. புடவைக்குள் போனான், இருமினான், கதவைத் திறந்தான், பார்த்தான். சிரித்தார்கள். ஆனால் மொய் எழுதுகிறவன் சிரிக்கிற மாதிரி, வந்ததற்குச் சிரித்தார்கள்.

அன்று அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "நல்லாச் சமாளிச்சே மாப்ளே" என்று தோளில்கூடத் தட்டினான்.

மறுநாள் பூட்ஸ் ஒட்டவில்லை. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தான், சீக்கிரமே தயாராகிவிட்டான். கதவுக்குப் பின்னால் நின்று இருமினான். உருண்டை கதவோடு பேசிக்கொண்டே இருந்தான். மறுபடி இருமினான். கதவிடம் மன்னிப்புக் கேட்டான் உருண்டை. கதவுக்குக் கால் பிடித்துவிட்டான். ஒட்டகம் காசநோய்க்காரன் மாதிரி இருமிப் பார்த்தான். கொட்டகை உருண்டு புரண்டு சிரித்து அடங்கிய பிறகுதான் வழி கிடைத்தது. அவன் வெளியே வந்தபோது ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகின தக்காளியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நான் இருமினேனே மாப்ளே?"

"கேக்கல மச்சான்."

"மூணு தடவை இருமினேன்."

"அந்தச் சிரிப்புல இடி விழுந்தாலும் கேக்காது மச்சான். நீ வேற."

சொல்லிவிட்டு உருண்டை கண்ணாடியைப் பார்த்துத் திருடனின் மருவைப் பிய்த்தான். இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடியில் இருக்கிறவனிடம் சொன்னான். அதை ஒட்டகம் கவனித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் தினமும் அதே கதைதான். கதவுப் பேச்சு வளர்ந்தது, மாமியார் இளைத்தாள். உருண்டை கதவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், கதவின் கைப்பிடியைப் பிடித்து நாடி பார்த்தான். இருமல் யாருக்கும் கேட்கவில்லை. குழி பறிக்கிறான் என்று ஒட்டகத்துக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தங்கச்சி புருஷனாக இருந்தால் என்ன? வீட்டுக்குள் இருக்கிறவனுக்குத்தான் எந்த இடத்தில் தோண்டினால் சுவர் விழும் என்று தெரியும்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டான். நாடகம் எழுதியதும் அவன்தான், கம்பெனி நடத்துவதும் அவன்தான். வயதில் சின்னவன். சாதாரண நாளில் "ஒட்டகம்" என்பான். "அண்ணே" என்று ஆரம்பித்தால் ஏதோ ஒன்றைப் பிடுங்கப் போகிறான்.

"அண்ணே, உக்காருங்க. கால் எப்படி இருக்கு?"

"காலு இருக்கற இடத்துலதான் இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க."

"அந்த மாமியார்... வரவே வேணாம்னு நினைக்கிறேன்."

ஒட்டகம் முழங்கால் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"வராத வரைக்கும்தாண்ணே பயம். கதவைத் திறந்து வந்துட்டா, ப்ச், ஒரு ஆளு அவ்வளவுதான். நீங்க நல்லாத்தான் பண்றீங்க. ஆனா கதவு உங்களைவிட நல்லாப் பண்ணுது."

"கதவு."

"தப்பா எடுத்துக்காதீங்க. பூட்ஸ் கழட்டற தொல்லையும் இல்ல. மத்த நாலு பேரும் உங்களுக்குத்தான். சம்பளத்துல கை வைக்கல."

"இந்த யோசனை உங்களுதா, மாப்பிள்ளையோடதா?"

"யாரு சொன்னா என்னண்ணே? ஜனங்க சொல்றாங்க."

ஜனங்கள் சொல்கிறார்கள் என்பவன் எவனும் எந்த ஜனங்கள் என்று சொன்னதில்லை. ஒட்டகம் எழுந்தான். முழங்கால் சொடுக்கியது. அந்தச் சத்தத்தை முதலாளி கேட்டுவிட்டானே என்பதுதான் அப்போது பெரிய அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு வந்து நாடகம் பார்த்திருந்தாள். இவன் வாசல்படியில் நின்று கேட்டான்.

"அன்னைக்குக் கொட்டகையில நீ எதுக்குச் சிரிச்சே?"

"காலங்காத்தால என்ன விசாரணை? எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சேன்."

"கதவுக்கா, எனக்கா?"

அவள் துணியை உதறினாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று இவனுக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் அவள் சொல்கிற ரகம் இல்லை.

"கதவுக்குத்தான். அது பேசாம நிக்குது பாருங்க, அதுக்கு."

"கதவு பேசாம நிக்காம பாட்டா பாடும்?"

"கேட்டீங்க, சொன்னேன். உள்ள என்னென்னமோ ராட்சசி இருக்கான்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க வந்து நின்னதும், அட, நம்ம வீட்டு ஆளுதானேன்னு ஆயிடுச்சு."

"உங்கம்மா மாதிரியே நின்னேனே. அதுகூடவா தெரியல?"

"எங்கம்மாவா?" அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா எங்க அப்படிப் பாத்தாங்க? உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அவ்வளவுதான். இத்தனை வருஷமாகச் செய்த மாமியார் அவள் அம்மாவாகவும் இல்லை.

அன்று பகல் காட்சி ஒன்று, மாலைக் காட்சி ஒன்று. மாமியார் இல்லாத முதல் நாள். இன்ஸ்பெக்டர் முடிந்து ஒட்டகம் சந்துக்குள் வந்தான். இனி வக்கீல் வரும்வரை சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்கிறவனைப் பார்க்க தையல்காரம்மாவுக்கே கூச்சமாக இருந்தது. ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை எடும்மா" என்றான்.

"எதை?"

"புடவையை."

"வேணாம்னுட்டாங்களேண்ணே."

"முதலாளி இப்பதான் சொன்னாரு. இன்னைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லி. சீக்கிரம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, புடவையை எடுத்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டாள். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று மடக்கினான். கைகளை நீட்டி உள்ளே போனான். முதுகில் தட்டினாள். கொண்டையை வைத்தாள். அவன் இருமவில்லை. இருமி என்ன ஆகப் போகிறது?

வெளியே உருண்டை கதவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "அத்தை, நான் வேணா வெளிய போயிட்டு மறுபடி உள்ள வரட்டுமா? மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து" என்கிறான். கொட்டகை குலுங்குகிறது.

ஒட்டகம் கதவைத் திறந்து வந்து நின்றான்.

கால் கட்டைவிரலில் ஆரம்பித்தான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, உச்சந்தலை. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவன் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை. ஒரு குறை சொல்ல முடியாது.

சிரிப்பு நின்றுவிட்டது. பாடுகிற ரேடியோவைப் பட்டென்று அணைத்தது மாதிரி. முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் இருப்பவளிடம், "இவ்வளவுதானா?" என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள். அந்த அமைதியில் அது மேடைவரை வந்தது.

உருண்டை கீழிருந்து அவனை ஏறிட்டான். ஒட்டகம் அந்தக் கண்ணில் கோபத்தை எதிர்பார்த்தான். இல்லை. பயமாவது இருக்கும் என்று பார்த்தான். அதுவும் இல்லை. அது கணக்குப் போடுகிற கண். கண்ணாடி டம்ளர் கை தவறினால் தரைக்குப் போவதற்குள் எங்கே பிடிக்கலாம் என்று பார்க்கிற கண். அடுத்த மூச்சில் உருண்டை எழுந்து, ஒட்டகத்தைத் தாண்டி, தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஏம்மா, அத்தை புடவையை எடுத்து நீ கட்டியிருக்கியே! பாத்தாங்கன்னா உன்னைக் கொன்னுடுவாங்க. இன்னும் எழுந்திருக்கலையா?"

கொட்டகை வெடித்தது.

ஒட்டகத்தின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. "நான்தாண்டா உன் அத்தை." ஒரு வார்த்தை போதும், மாப்பிள்ளை நடுமேடையில் நாறிப் போவான், நாடகம் கவிழும், கதவும் அதோடு சாகும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. தன்னைப் பார்த்து வருகிற சிரிப்பு. எத்தனை நாளாகக் காதில் விழாத சிரிப்பு. உடம்பு அவனிடம் உத்தரவு கேட்கவில்லை. கூன் தானே விழுந்தது. தாடை தொங்கியது. முந்தானை நுனியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டது கை. தலை, பயந்துபோன வேலைக்காரியின் தலையாக, இல்லை, இன்னும் எழவில்லை என்று மெல்ல ஆடியது.

முதல் சிரிப்பு முடிவதற்குள் அதன் மேல் இரண்டாவது சிரிப்பு ஏறியது.

"தூங்கறாங்களா?"

ஒட்டகம் உதட்டில் விரலை வைத்தான். போ, போ என்று கையை ஆட்டினான். பிறகு நுனிக்காலில் பின்வாங்கி அறைக்குள் போய், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி, சத்தம் வராமல் கதவைத் தானே சாத்தினான். இந்தப் பக்கம் இருட்டில் நின்றுகொண்டு கைதட்டலைக் கேட்டான். எவ்வளவு நேரம் நின்றானோ, தையல்காரம்மாதான் வக்கீல் கோட்டை விரித்துக்கொண்டு வந்து, "அண்ணே, கையை நீட்டுங்க" என்றாள்.

காட்சி முடிந்து திரை விழுந்ததும் முதலாளி ஒப்பனை அறைக்கு ஓடி வந்தான்.

"என்னண்ணே இது! ரெண்டு பேரும் பேசி வெச்சு எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

ஒட்டகம் வாயைத் திறப்பதற்குள் உருண்டை முந்திக்கொண்டான். "மச்சான் யோசனைதான் முதலாளி. சும்மா போட்டுப் பாக்கலாம்னு."

"பிரமாதம். மாலைக் காட்சியிலயும் இருக்கட்டும். இனிமே எப்பவும் இருக்கட்டும். ஆனா வேலைக்காரி பேசக் கூடாதுண்ணே. பேசினா கெட்டுடும்."

"பேசல" என்றான் ஒட்டகம்.

முதலாளி போனான். தையல்காரம்மா மூலையில் கொண்டையைச் சீவிக்கொண்டிருந்தாள். "முதலாளி சொன்னாருன்னீங்க" என்று சொல்லிவிட்டு அவளும் வெளியே போனாள். இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கீங்களா?" என்றான் ஒட்டகம்.

உருண்டை துண்டைக் கீழே வைத்தான். "மரியாதை எதுக்கு மச்சான்? திட்டறதுன்னா திட்டு."

"நான் எதுக்குத் திட்டறேன்? பெரிய மனுஷன் நீங்க. என்னைக் காப்பாத்தினீங்க. ரெண்டு தடவை, பூட்ஸ் ஒட்டின அன்னைக்கும் சேத்து."

"காப்பாத்தாம? விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்தப் பொம்பளை இவ்வளவுதானான்னு கேட்டுச்சே, காதுல விழல?"

"காதுல விழறதைப் பத்தி நீங்க பேசாதீங்க."

உருண்டை ஒட்டகத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, இந்தத் தடவை கண்ணாடியைப் பார்க்காமல், நேராகப் பார்த்துச் சொன்னான்.

"விழுந்துச்சு மச்சான். ஆரம்பத்துலேர்ந்தே விழுந்துச்சு. ஒவ்வொரு இருமலும்."

ஒட்டகம் இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தான். கிடைத்ததும் சட்டையைப் பிடிக்க வேண்டும், தங்கச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டும், இவன் முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தான். கை எழவில்லை.

"அப்ப வேணும்னுதான்."

"சிரிக்கறாங்க மச்சான். என்னைப் பாத்து அப்படி யாரு சிரிச்சிருக்கா? இத்தனை வருஷமா உனக்கு எடுத்துக் குடுத்தேன், நீ அடிச்சே. நான் பேசுவேன், நீ பாப்பே, சிரிப்பு உனக்கு. ஒரு நாள் எனக்கு வந்துச்சு. வர்றப்ப எவன் நிறுத்துவான்? நீ நிறுத்தியிருப்பியா?"

ஒட்டகம் அந்தத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"சொல்லேன். நீ என் இருமலுக்கு நிறுத்தியிருப்பியா?"

"எந்திரி. மாலைக் காட்சிக்கு நேரமாச்சு."

"மரியாதை போயிடுச்சா? நல்லது" என்று உருண்டை சிரித்தான். ஒட்டகம் சிரிக்கவில்லை. அவன் வாய் சொல்லாத பதில் அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மேடையில் அவன் முதுகே வளைந்து சொல்லிவிட்டது.

மாலைக் காட்சிக்குக் கூட்டம் அதிகம். தையல்காரம்மா பட்டுப்புடவையையே விரித்தாள். வேலைக்காரிக்கும் அதே புடவைதான், அதுதான் சிரிப்பு. கதவுக்குப் பின்னால் போய் நின்றான். இருமினான். உருண்டை பேச்சை உடனே நிறுத்தினான், ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்காமல். வழி கிடைத்தது. கூனிக்கொண்டு போனான், தலையை ஆட்டினான், உதட்டில் விரல் வைத்தான், கதவைச் சாத்தினான். சிரித்தார்கள். பகலில் சிரித்த அளவு இல்லை. கொஞ்சம் குறைச்சல். பகலில் அது தானாக வந்தது, இப்போது தயாரித்தது. ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் மூக்கில் தெரிந்துவிடும்.

இருட்டில் நின்று அதையே யோசித்தான். தலையாட்டல் சீக்கிரம் வந்துவிட்டதோ? வெறுங்கையோடு வரக் கூடாதோ?

"கையை நீட்டுங்கண்ணே" என்றாள் தையல்காரம்மா.

அவன் கைகளை நீட்டி வக்கீல் கோட்டுக்குள் போனான். முதுகில் தட்டினாள்.

"நாளைக்கு ஒரு வாளி வேணும்மா" என்றான். "தகர வாளி. உள்ள கொஞ்சம் தண்ணி."

"எதுக்குண்ணே?"

"அந்த வேலைக்காரிக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு நடந்தான்.